பட்டியல் முடியப்போகிறது, மகிழ்ச்சி மட்டும் வரவில்லை

கேள்வி:

எனக்கு 36 வயது. தணிக்கைத் துறையில் வேலை செய்கிறேன். கணவர், எட்டு வயதில் ஒரு மகன். கல்லூரிப் படிப்பு முடிந்த ஆண்டு, 22 வயதில், நாட்குறிப்பின் கடைசிப் பக்கத்தில் வாழ்க்கையில் அடைய வேண்டியவை என்று ஏழு எழுதி வைத்தேன். தொழில்முறைத் தேர்வில் தேற வேண்டும், நல்ல நிறுவனத்தில் வேலை பெற வேண்டும், வீடு வாங்க வேண்டும், 35 வயதுக்குள் மேலாளர் ஆக வேண்டும் என்று அந்தப் பட்டியல் போகும். ஆறை அடித்துவிட்டேன். ஏழாவது வீட்டுக் கடனை அடைப்பது. அதுவும் அடுத்த ஆண்டு முடிந்துவிடும்.

பதவி உயர்வுக் கடிதம் கைக்கு வந்த அன்று மாலை, வண்டி நிறுத்துமிடத்தில் அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அழுகையும் வரவில்லை, சந்தோஷமும் வரவில்லை. கணவரிடம் சொன்னால் ‘உனக்கு என்ன குறை?’ என்கிறார். கோபமாக அல்ல, உண்மையாகவே புரியாமல் கேட்கிறார். நெருங்கிய தோழியோ, ‘இருப்பதை வைத்துத் திருப்திப்படத் தெரியவில்லை உனக்கு’ என்கிறாள். தூக்கம், பசி எல்லாம் சரியாகவே இருக்கின்றன. வேலையும் ஓடுகிறது.

போன மாதம் மகனின் கதைப் புத்தகம் முதுகு பிரிந்து தாள் தாளாக வந்துவிட்டது. ஒரு ஞாயிறு மதியம் அதை ஊசி நூலால் தைத்துப் பசை தடவி ஒட்டினேன். அவன் பக்கத்தில் உட்கார்ந்து நூல் கோத்துக் கொடுத்தான். நிமிர்ந்து பார்த்தபோது வெளியே இருட்டிவிட்டிருந்தது. இதை எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை. என் கேள்வி வேறு. எனக்கு மகிழ்ச்சி தரக்கூடிய சரியான இலக்கை எப்படிக் கண்டுபிடிப்பது? புதிய பட்டியல் எழுத உட்கார்ந்தால் பேனா நகர மறுக்கிறது.

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

‘எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை’ என்று நீங்கள் ஒதுக்கித் தள்ளிய அந்தப் புத்தகம் தைத்த வரிகளைத்தான் நான் நான்கைந்து முறை திரும்பத் திரும்பப் படித்தேன். அதைப் பற்றி நிறையப் பேச வேண்டியிருக்கிறது. அதற்கு முன் ஒன்றைப் பேசி முடித்துவிடுவோம்.

சந்தோஷமும் இல்லை, அழுகையும் இல்லை என்கிற வெறுமை சில நேரம் மனச்சோர்வு நோயின் அறிகுறியாக இருக்கும். நாளின் பெரும்பகுதியும், ஏறக்குறைய எல்லா நாளும், இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் நாட்டமில்லாமல் இருப்பது, தூக்கமும் பசியும் கெடுவது, தீராத அசதி, நான் எதற்கும் லாயக்கில்லை என்ற எண்ணம், இருந்து என்ன பயன் என்ற நினைப்பு, இவற்றில் பல சேர்ந்து வந்தால் இலக்கைப் பற்றிய எந்த ஆலோசனையும் உதவாது. மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். அது சிகிச்சையால் குணமாகக்கூடிய நோய். நீங்கள் எழுதியிருப்பதில் அதன் சாயல் எனக்குத் தெரியவில்லை. தூக்கமும் பசியும் சரியாக இருக்கின்றன. ஒரு மதியம் முழுக்க ஒரு வேலையில் மூழ்கிப்போக உங்களால் முடிந்திருக்கிறது. ஆனாலும் ஒரு கடிதத்தை மட்டும் வைத்து நான் சத்தியம் செய்ய முடியாது. நிலைமை மாறினால் ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

இனி, ‘திருப்திப்படத் தெரியவில்லை’ என்ற குற்றச்சாட்டு. அதை உங்கள் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டாம். பெரிய வெற்றி கிடைத்த பிறகும் மனம் பழைய இடத்துக்கே திரும்பி வந்துவிடுவது மனித இயல்பு. அமெரிக்க உளவியலாளர் டேனியல் கில்பர்ட்டும் அவருடைய சகாக்களும் 1998-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு ஏறக்குறைய உங்கள் கதைதான். நிரந்தரப் பணிக்காகக் காத்திருந்த பல்கலைக்கழக ஆசிரியர்களிடம், அது கிடைத்தால் எவ்வளவு மகிழ்ச்சியாக இருப்பீர்கள், கிடைக்காவிட்டால் எவ்வளவு வாடிப்போவீர்கள் என்று கேட்டார்கள். இரண்டுமே தங்கள் மகிழ்ச்சியைச் சில ஆண்டுகளுக்காவது தீர்மானிக்கும் என்று அவர்கள் நினைத்தார்கள். அந்தக் கட்டத்தை ஏற்கெனவே தாண்டியவர்களைக் கேட்டுப் பார்த்தபோது, பணி கிடைத்தவர்களுக்கும் கிடைக்காதவர்களுக்கும் மகிழ்ச்சியில் சொல்லிக்கொள்ளும்படியான வித்தியாசம் இல்லை.

ஆனால் இந்த விளக்கம் உங்களுக்குப் பாதிதான் பொருந்துகிறது. வந்த மகிழ்ச்சி ஏன் நாளடைவில் வடிந்துபோகிறது என்பதற்கு இது பதில். உங்களுக்கோ முதல் நாளே வரவில்லை. கடிதம் கையில் இருக்கிறது, மை கூடக் காயவில்லை, அப்போதே மனம் வெறுமையாக இருந்திருக்கிறது. அதற்கான காரணத்தை உங்கள் பட்டியலில்தான் தேட வேண்டும்.

அந்தப் பட்டியலின் வினைச்சொற்களை மட்டும் ஒருமுறை படித்துப் பாருங்கள். தேற வேண்டும், பெற வேண்டும், வாங்க வேண்டும், ஆக வேண்டும், அடைக்க வேண்டும். ஒவ்வொன்றும் ஒரு நாளில், ஒரு கையெழுத்தில் முடிந்துபோகிற வினை. பள்ளியில் வினைமுற்று, வினையெச்சம் என்று படித்திருப்போம். முற்று வந்தால் வாக்கியம் நின்றுவிடும். எச்சம் அடுத்த சொல்லைத் தேடி நீளும். நீங்கள் எழுதிய இலக்குகள் அத்தனையும் முற்று. ‘பாடிக்கொண்டிருக்க வேண்டும்’, ‘கற்றுக்கொண்டே இருக்க வேண்டும்’, ‘இவருக்குத் துணையாக இருக்க வேண்டும்’ என்று நீளக்கூடிய ஒரு வினைகூட அதில் இல்லை. அப்படியானால், ஒன்றை அடைந்த கணமே அது உங்கள் வாழ்விலிருந்து விலகிவிடுகிறது. அடையும்வரை ‘இன்னும் வரவில்லை’, அடைந்த பிறகு ‘முடிந்துவிட்டது’. இரண்டுக்கும் நடுவில் மகிழ்ச்சி உட்கார இடமே இல்லை.

இந்த வேறுபாட்டைக் கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் 2,300 ஆண்டுகளுக்கு முன்பே எழுதியிருக்கிறார். வீடு கட்டுவது ஒரு வகைச் செயல். கட்டிக்கொண்டிருக்கும்வரை கட்டி முடித்ததாகாது, முடித்துவிட்டால் பிறகு கட்டுவதற்கு ஒன்றும் இல்லை. பார்ப்பதும் சிந்திப்பதும் வேறு வகை, பார்த்துக்கொண்டிருக்கும்போதே பார்த்தும்விட்டோம். இரண்டாவது வகைச் செயலுக்குள் அதன் பயன் ஏற்கெனவே இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒருவரை இங்கே நினைத்துக்கொள்கிறேன். நெடுந்தூர ஓட்டப் போட்டி ஒன்றை முழுமையாக ஓடி முடிக்க வேண்டும் என்று இரண்டு ஆண்டுகள் பயிற்சி எடுத்தார். ஓடி முடித்தார். பதக்கத்தைச் சுவரில் மாட்டினார். மறுநாள் விடியலில் வழக்கம்போல விழித்துக்கொண்டு, கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தாராம். எதற்காக மாட்டுவது என்று தெரியவில்லை. ‘இந்த இரண்டு ஆண்டுகளில் எது நன்றாக இருந்தது?’ என்று கேட்டேன். பதக்கத்தைச் சொல்லவில்லை. விடியற்காலையில் கூட ஓடிவந்த பக்கத்து வீட்டுக்காரரோடு பேசிய பேச்சையும், ஓடி முடித்து மூச்சு வாங்க நிற்கும்போது வானம் வெளுத்துக்கொண்டு வருவதையும் சொன்னார். அந்த இரண்டுக்கும் போட்டியே தேவைப்படவில்லை. இப்போதும் அவர் ஓடிக்கொண்டிருக்கிறார்.

இன்னொன்றும் உண்டு. அந்த ஏழில் எத்தனை உண்மையில் உங்களுடையவை? உங்களைக் குறை சொல்வதற்காக இதைக் கேட்கவில்லை. 22 வயதில் நாம் எழுதுகிற பட்டியலில் பெற்றோரின் அச்சம் இருக்கும், உடன் படித்தவர்களின் போட்டி இருக்கும், பாதுகாப்பு வேண்டும் என்ற நியாயமான தவிப்பும் இருக்கும். கென்னன் ஷெல்டன், ஆண்ட்ரூ எலியட் என்ற இரு உளவியலாளர்கள் 1999-இல் வெளியிட்ட ஆய்வில் தெளிவாகத் தெரிந்தது இது: தன் விருப்பத்தாலோ, தான் மதிக்கிற ஒன்றுக்காகவோ எடுத்துக்கொண்ட இலக்கை மனிதர்கள் விடாமல் பிடித்துக்கொள்கிறார்கள்; அடைந்தால் மனநிறைவும் கூடுகிறது. பிறருடைய நெருக்கடிக்காகவோ, செய்யாவிட்டால் குற்ற உணர்வு வருமே என்பதற்காகவோ எடுத்த இலக்கு அடைந்த பிறகும் அந்த அளவு நிறைவைத் தருவதில்லை. வண்டி நிறுத்துமிடத்தில் நீங்கள் உட்கார்ந்திருந்த அந்த அரை மணி நேரத்தை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். வேறு யாருக்கோ வந்த கடிதம் உங்கள் கையில் இருந்திருக்கிறது.

இப்போது அந்த ஞாயிறு மதியத்துக்கு வருவோம்.

முதுகு பிரிந்த புத்தகத்தைத் தைப்பது பொறுமையான வேலை. தாள்களைப் பக்க எண்படி அடுக்க வேண்டும். விளிம்புகளைத் தட்டி நேராக்க வேண்டும். பழைய பசையைச் சுரண்டி எடுக்க வேண்டும். துளை ஒரே கோட்டில் விழ வேண்டும். நூலை அதிகம் இழுத்தால் தாள் கிழியும், தளர விட்டால் மறுபடி பிரியும். ஒட்டிய பிறகு மேலே கனமாக எதையாவது வைத்துக் காயவிட வேண்டும். மதியத்தில் தொடங்கி இருட்டும்வரை நீங்கள் இதைச் செய்திருக்கிறீர்கள். யாரும் கேட்கவில்லை. கடையில் புதிய பிரதி வாங்கியிருக்கலாம். பட்டியலில் இது இல்லை, அடித்துவிட ஒரு கோடும் இல்லை. நேரம் போனது மட்டும் தெரியவில்லை.

உளவியலாளர் மேத்யூ கில்லிங்ஸ்வொர்த்தும், முன்பு சொன்ன கில்பர்ட்டும் 2010-இல் வெளியிட்ட ஆய்வில் 2,250 பேரிடம் கைப்பேசி மூலம் நாளின் வெவ்வேறு நேரங்களில் மூன்று கேள்விகள் கேட்டார்கள்: இப்போது என்ன செய்கிறீர்கள், மனம் அதில் இருக்கிறதா, எவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கிறீர்கள்? கேட்ட தருணங்களில் ஏறக்குறைய 47 சதவீதத்தில் மனம் வேறெங்கோ இருந்தது. அப்படி அலைந்த நேரங்களில் மகிழ்ச்சி குறைவாக இருந்தது. என்ன வேலை செய்துகொண்டிருந்தார்கள் என்பதைவிட, மனம் அதில் இருந்ததா என்பதே அவர்களுடைய மகிழ்ச்சியை அதிகம் விளக்கியது. உங்கள் மனம் அந்த மதியம் முழுக்க ஊசி முனையில் இருந்திருக்கிறது.

பக்கத்தில் ஒருவரும் இருந்திருக்கிறார். உங்கள் கடிதத்தில் வருகிற மற்றவர்கள் எல்லோரும் உங்களைப் பார்ப்பவர்கள், மதிப்பிடுபவர்கள், கேள்வி கேட்பவர்கள். உங்களோடு சேர்ந்து ஒன்றைச் செய்தவன் அந்தச் சிறுவன் ஒருவன்தான். எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரையன் என்ற உளவியலாளர்கள் பல பத்தாண்டுகளாக வளர்த்தெடுத்த கோட்பாடு, மனித மனம் செழிக்க மூன்று தேவைகள் இருப்பதாகச் சொல்கிறது. தானாக விரும்பிச் செய்வது, செய்வதில் கை தேர்ந்துவருவது, பிறரோடு பிணைப்பு. நூல் கோத்துக் கொடுக்கிற ஒரு சின்னக் கையும், துளை தவறாமல் விழுகிற உங்கள் ஊசியும், யாரும் ஏவாமல் தொடங்கிய வேலையும் சேர்ந்த அந்த ஒரு மதியத்தில் மூன்றும் வந்துவிட்டன.

உடனே ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். ‘அப்படியானால் இதையே ஒரு தொழிலாகத் தொடங்கிவிடலாமே’ என்று யாராவது சொல்வார்கள். உங்களுக்கே தோன்றலாம், முற்றுவினைக்குப் பழகிய மனம் அல்லவா. வேண்டாம், குறைந்தது இப்போதைக்கு வேண்டாம். 1971-இல் டெசி கல்லூரி மாணவர்களிடம் ஒரு புதிர் விளையாட்டைக் கொடுத்தார். ஒரு குழுவுக்கு ஒரு கட்டத்தில் தீர்த்த ஒவ்வொரு புதிருக்கும் பணம் கொடுத்து, பிறகு நிறுத்தினார். பணம் வாங்கிப் பழகியவர்களுக்கு, அது நின்ற பிறகு ஓய்வு நேரத்தில் அந்தப் புதிரைத் தொடும் ஆர்வம் குறைந்துபோனது. விரும்பிச் செய்தது கூலிக்குச் செய்வதாக மாறியபோது விருப்பம் தேய்ந்துவிட்டது. உங்கள் நாட்களில் கணக்கு வைக்காத ஒரு மூலை இருக்கட்டும்.

உங்கள் கேள்வியிலேயே ஒரு சிறு திருத்தம் செய்ய விரும்புகிறேன். ‘எனக்கு மகிழ்ச்சி தரக்கூடிய இலக்கு எது’ என்று கேட்டிருக்கிறீர்கள். அதிலிருந்து மகிழ்ச்சி என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். தூக்கம் வருகிறதா வருகிறதா என்று பார்த்துக்கொண்டே படுத்திருப்பவருக்குத் தூக்கம் வராது. மகிழ்ச்சியும் அப்படித்தான். ஐரிஸ் மாஸ் என்ற உளவியலாளரும் சகாக்களும் பெண்களிடம் நடத்தி 2011-இல் வெளியிட்ட சோதனையில், மகிழ்ச்சி மிக முக்கியமானது என்று வலியுறுத்தும் கட்டுரையைப் படித்தவர்கள், மகிழ்ச்சியான படக்காட்சி ஒன்றைப் பார்த்தபோது மற்றவர்களைவிடக் குறைவாகவே மகிழ்ந்தார்கள். இவ்வளவுதானா என்று தங்கள் மகிழ்ச்சியையே அளந்து ஏமாந்ததுதான் காரணம் என்று ஆய்வாளர்கள் கண்டார்கள். பதவி உயர்வுக் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு ‘ஏன் இன்னும் வரவில்லை’ என்று நீங்களும் அளந்துகொண்டிருந்திருப்பீர்கள். அதற்குப் பதிலாக, ‘எதைச் செய்துகொண்டிருக்கும்போது நான் என்னையே மறக்கிறேன்?’ என்று கேட்டுப் பாருங்கள். அதற்கு உங்களிடம் ஏற்கெனவே ஒரு பதில் இருக்கிறது. இன்னும் சில இருக்கும்.

அவற்றைத் தேட ஒரு வழி சொல்கிறேன். புதிய பட்டியல் எழுதாதீர்கள். பேனா நகர மறுப்பதை நான் நல்ல அறிகுறியாகவே எடுத்துக்கொள்கிறேன். இரண்டு வாரங்களுக்கு, இரவு படுக்கப்போகும் முன் ஒரு சின்ன நோட்டில் இரண்டே வரி எழுதுங்கள். இன்று எந்த நேரத்தில் கடிகாரத்தை மறந்திருந்தேன். இன்று எதைச் செய்யும்போது இன்னொருவருடைய வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டு செய்வதுபோல் இருந்தது. அவ்வளவுதான். மதிப்பெண் போட வேண்டாம், வாரக் கடைசியில் கூட்டிப் பார்க்க வேண்டாம். தணிக்கைத் தொழிலில் இருப்பவர் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். சில நாள் முதல் வரி காலியாக இருக்கும். காலியாகவே விட்டுவிடுங்கள். அலுவலகத்திலேயே கூட அந்த வரி நிரம்பலாம், கவனியுங்கள். புதிதாகச் சேர்ந்த ஒருவருக்குச் சிக்கலான கணக்கைப் புரியவைத்த கால் மணி நேரமாக அது இருக்கலாம். அப்படியிருந்தால், மேலாளர் பதவி என்பது வேறொரு பொருள் பெறும்.

இரண்டு வாரம் கழித்து அந்த நோட்டிலிருந்து ஒன்றே ஒன்றை எடுங்கள். அதை ‘கொண்டிருக்க வேண்டும்’ என்று முடியும்படி எழுதுங்கள். பிறகு அதற்கு ஒரு நேரமும் இடமும் கொடுங்கள். ‘இனி அடிக்கடி செய்ய வேண்டும்’ என்பது காற்றில் போய்விடும். ‘செவ்வாய் இரவு சாப்பிட்டு முடித்ததும், மேசையில், அரை மணி நேரம்’ என்றால் நடக்கும். பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் ‘இது நடந்தால் இதைச் செய்வேன்’ என்ற இந்த வகைத் திட்டமிடலை நெடுங்காலம் ஆராய்ந்தவர். 2006-இல் 94 சோதனைகளின் முடிவுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வெறுமனே உறுதி எடுப்பதைவிட இது கணிசமாகப் பலன் தருவது தெரிந்தது.

ஒரு நாள் தவறினால் பட்டியலில் சிவப்பு மை விழுந்ததுபோல் பதறாதீர்கள். உளவியலாளர் பிலிப்பா லாலியின் குழுவினர் 96 பேரைப் பின்தொடர்ந்து, ஒரு பழக்கம் தானாக வரும் அளவுக்குப் படிய எவ்வளவு நாள் ஆகிறது என்று கணக்கிட்டார்கள். சராசரியாக 66 நாள். ஆனால் ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள்வரை வேறுபட்டது. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய பாதிப்பு எதுவும் இல்லை.

வேலையை விட்டுவிடுங்கள், மனம் போன வழியில் போங்கள் என்று நான் சொல்லமாட்டேன். அப்படிச் சொல்கிற அறிவுரைகளால் குடும்பங்கள் தடுமாறியதை நேரில் பார்த்திருக்கிறேன். எனக்கு அவற்றின் மீது கோபம் உண்டு. நீங்கள் அடித்த ஆறு இலக்குகளும் வீணல்ல. தலைக்கு மேல் கூரை இருக்கிறது, மாதச் சம்பளம் வருகிறது, அதனால்தான் ஒரு ஞாயிறு மதியத்தைப் பழைய புத்தகத்துக்குக் கொடுக்க முடிந்தது. ஏழாவதையும் முடியுங்கள். கடன் தீர்வது நிம்மதி. நிம்மதியை நிம்மதியாகவே வாங்கிக்கொள்ளுங்கள், அதனிடம் மகிழ்ச்சியையும் சேர்த்துக் கேட்காதீர்கள். அந்த நாள் வரும்போது மறுபடியும் வெறுமையாக இருந்தால் பயப்பட வேண்டியதில்லை. ஏன் என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.

கணவர் விஷயம். ‘உனக்கு என்ன குறை?’ என்பதற்கு நேர்ப் பதில் சொல்ல முயன்றால் அது புகார்ப் பட்டியலாகிவிடும், அவரும் தன்னைக் குறை சொல்வதாக எடுத்துக்கொள்வார். குறை எதுவும் இல்லை என்றே தொடங்குங்கள். ‘அன்றைக்குப் புத்தகம் தைத்தபோது நன்றாக இருந்தது. அதுபோல் இன்னும் கொஞ்சம் வேண்டும்போல் இருக்கிறது’ என்று சொல்லுங்கள். பிறகு, கடைசியாக அவர் எப்போது கடிகாரத்தை மறந்து உட்கார்ந்திருந்தார் என்று அவரிடமே கேளுங்கள். அவரிடம் இதுவரை யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். பதிலுக்கு அவசரப்படுத்த வேண்டாம்.

மகனிடமும் ஒன்று கேட்டுப் பார்க்கலாம். எட்டு வயதுப் பிள்ளையின் அலமாரியில் முதுகு பிரிந்த புத்தகம் இன்னும் ஒன்றிரண்டாவது இருக்கும். எதை முதலில் தைக்கலாம் என்று அவனே எடுத்துக் கொடுக்கட்டும். இரண்டு மாதம் கழித்து எனக்கு எழுதுங்கள். முதலில் தைத்த புத்தகத்தின் நூல் தாங்குகிறதா என்பதையும் அதில் சொல்லுங்கள்.